புதுசு பத்திரமாய் இருக்கு

சுதாகரனின் கராஜுக்குப் போய்வரும் கார் ஒரு வருத்தத்தை அங்கே விட்டுவிட்டு வேறொரு வருத்தத்தைக் கூட்டிக்கொண்டு வரும். போன ஐப்பசியில் ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று நேசமலர் மிஸி காரைக் கொடுத்தார். ஒழுக்கு நின்றது, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் அன்று தொடக்கம் இடப்பக்கம் திரும்பினால் ஹோர்ன் தன்பாட்டில் அலறத் தொடங்கிவிட்டது. மல்லாவிச் சந்தியில் சனமெல்லாம் பதறி விலகி, "மிஸி இண்டைக்கு ஆரோடையோ கோவம்" என்று கதைத்துக்கொண்டார்கள். ஹோர்னைத் திருத்தக் கொடுத்தார். ஹோர்ன் திருந்தியது, பின்கதவின் உள்பிடியைக் காணவில்லை. எங்கேயடா என்று கேட்டால், "அதை உள்ளுக்கிருந்து ஆர் மிஸி திறக்கிறது?" என்று திருப்பிக் கேட்கிறான். பின்னால் இருக்கிறவர்கள் இறங்க வேண்டாமா, கோதாரி விழுவானே!

இதற்கெல்லாம் மிஸி பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல்தான் இருந்தார். பேசாமல் இருக்கிற ஆள் இல்லை அவர். முப்பது வருடத்துக்கு மேலாகத் துணுக்காய், மல்லாவிப் பக்கமெல்லாம் மருத்துவமாதாக வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். மழைக்குள்ளும் சகதிக்குள்ளும் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்ப் பிரசவம் பார்த்தவர். அந்தப் பக்கத்தில் இன்றைக்கு மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிற பெடியங்களில் பாதிப்பேரைக் காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி அழவைத்தது அவருடைய கைதான். அவருக்கு நேசமலர் என்று ஒரு பெயர் இருப்பதே பலருக்கு மறந்துபோய்விட்டது. மிஸி என்றால் அவர் ஒருவர்தான்.

ஓய்வுபெற்ற கையோடு மிஸி கார் வாங்கப் போகிறார் என்றதும், யப்பான் கார் ஒன்று வரும் என்றுதான் ஊர் நினைத்தது. வந்தது சாம்பல் நிறத்தில் ஒரு மொறிஸ் மைனர். அறுபத்திரண்டு வயது மிஸிக்கும் அதற்கும் ஏறத்தாழ ஒரே வயது. சாவகச்சேரியில் ஒரு வளவுக்குள் பார்க்கப் போனபோது அதன் பின்சீற்றில் கோழியொன்று அடைகிடந்தது. குஞ்சு பொரித்து இறங்கும்வரைக்கும் பொறுத்திருந்துதான் காரை எடுத்து வந்தார். "அந்தக் கோழியின்ர பிரசவமும் மிஸிதான் பாத்தவாவாம்" என்று கடைத்தெருவில் பகிடி பண்ணினார்கள். பண்ணட்டும். புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருடம், ஒரே மகள் யதுர்ஷிகா லண்டனில். யாரிடமும் "என்னை ஒருக்கா ஏத்திக்கொண்டு போறியோ" என்று கேட்காமல், நினைத்த நேரத்துக்கு நினைத்த இடத்துக்குப் போய்வர மிஸிக்கு இருந்தது அந்தக் கார் மட்டும்தான்.

அப்படியானால் சுதாகரனை விட்டு வேறு கராஜுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். கிளிநொச்சியில் இருக்கிறவர்கள் மொறிஸ் மைனரைக் கண்டால் அதற்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பார்களே தவிர, கை வைக்கமாட்டார்கள். அதைவிட, சுதாகரன் மிஸியின் கையில் விழுந்த பிள்ளை. தொண்ணூற்றாறாம் ஆண்டு, கிளிநொச்சிச் சனமெல்லாம் அள்ளுப்பட்டு இந்தப் பக்கம் வந்த நேரம், தெருவோரத்தில் நின்ற ஒரு உழவு மிசினின் இழுவைப் பெட்டிக்குக் கீழே, ஒழுகுகிற தறப்பாளைப் பிடித்துக்கொண்டு, அவனுடைய தாய் அழகம்மாவுக்குப் பிரசவம் பார்த்தார் மிஸி. பிறந்ததும் அவன் முதலில் கண்டது அச்சையும் கிறீசையும்தான், பிறகு மெக்கானிக் ஆகாமல் என்ன ஆவான்? அந்த நன்றிக்கு அவன் மிஸியிடம் காசு வாங்குவதே இல்லை. வலுக்கட்டாயமாகக் கொடுத்தாலும், "அம்மா என்னை வீட்டுக்குள்ள அடுக்கமாட்டா" என்று திருப்பி நீட்டுவான். காசு வாங்காதவனை எப்படி ஏசுவது? அன்பாகச் சிரித்துக்கொண்டு காரை நாசமாக்குகிறவனுக்கு என்ன மருந்து இருக்கிறது?

அவன் வேலை தெரியாதவனும் இல்லை. உழவு மிசின் என்றால் அவனை மிஞ்ச ஆளில்லை. அறுவடை நேரத்தில் வயலுக்குள் நின்றுபோன மிசினை, கட்டுக்கம்பியும் சைக்கிள் ரியூப்பும் கொண்டு அரை மணித்தியாலத்தில் எழுப்பிவிடுவான். தகப்பன் பழனியாண்டியிடம் பழகிய வேலை அது. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு போல்ட்கூடக் கிடைக்காமல், மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய மனுசன் பழனியாண்டி. இருக்கிறதை வைத்து ஓட்டு, புதுசைப் பத்திரப்படுத்து. அந்த வீட்டில் சோற்றோடு ஊட்டி வளர்த்தது இதைத்தான்.

தைப்பொங்கல் கழிந்த கையோடு காரின் பிரேக் வேலை காட்டத் தொடங்கியது. மிதித்தால் கால் பஞ்சுக்குள் போவதுபோலக் கீழே போனது. சுதாகரன் பார்த்துவிட்டு, வலப்பக்க முன்சில்லில் ஒயில் ஒழுகுகிறது, உள்ளே இருக்கிற சிலிண்டரும் றப்பரும் செத்துப்போச்சு, சாமான் எடுக்கவேண்டும் என்றான். மிஸி மகளுக்குச் சொன்னார். "உந்தக் காரை வித்துப்போட்டு ஓட்டோவில போங்கோவன் அம்மா" என்று யதுர்ஷிகா ஒருபாட்டம் புலம்பினாள். ஆனாலும் பிறகு தேடிப் பிடித்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் சாமானைக் கொடுத்துவிட்டாள். சிலிண்டர், றப்பர், ஹோஸ் எல்லாம் புத்தம் புதிது, மெழுகுக் கடதாசியில் சுற்றி. அதைக் கையில் வாங்கியபோது சுதாகரனின் முகத்தைப் பார்க்கவேண்டும். கோயிலில் பிரசாதம் வாங்குகிறவன் மாதிரி இரண்டு கையாலும் ஏந்தினான்.

இரண்டு நாளில் கார் வந்தது.

"எல்லாம் சரி மிஸி. ஒருக்கா மிதிச்சுப்போட்டு, இன்னொருக்கா மிதியுங்கோ. கும்மெண்டு பிடிக்கும்."

"ஏன்டா ரெண்டுதரம் மிதிக்கோணும்?"

"பழைய காருகள் அப்பிடித்தான் மிஸி."

கேட்ட மிஸிக்கு மனசு பொருந்தவில்லை. ஆனாலும் அவன் பெண்சாதி தர்மிளா நிறைமாதமாக இருந்தாள். தாயில்லாத பிள்ளை, முதல் பிரசவம், பயந்த சுபாவம். இரத்தத்தில் சீனி கூடிக்கிடக்கிறது என்று கிளிநொச்சி பெரியாஸ்பத்திரியில் மாசிக் கடைசி வெள்ளிக்கு வந்து நிற்கச் சொல்லியிருந்தார்கள். "நீங்கதான் மிஸி என்னைக் கூட்டிக்கொண்டு போகோணும். நீங்க பக்கத்தில இருந்தாக் காணும், எனக்குப் பயமில்லை" என்று அவள் மிஸியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள். கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மிஸியும் வாக்குக் கொடுத்திருந்தார். சொந்தப் பெண்சாதியும் பிள்ளையும் ஏறப்போகிற காரில் ஒருவன் ஏனோதானோ வேலை பார்ப்பானா என்று மிஸி தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

பார்ப்பான் என்பது அடுத்த கிழமை தெரிந்தது.

பெரும்போக அறுவடை முடிகிற நேரம். வன்னியில் இந்த நாட்களில் தெருவில் பாதி வாகனத்துக்கு, பாதி நெல்லுக்கு. தார் றோட்டின் ஓரம் நீளத்துக்கு நெல்லைப் பரப்பிக் காயவிட்டு, தலைப்பில் ஒரு கல்லையோ கதிரையையோ வைத்துவிடுவார்கள். வாகனக்காரர் விலத்திப் போவார்கள். மிஸியும் அப்படித்தான் மல்லாவியில் இருந்து வந்துகொண்டிருந்தார். வாய்க்கால் பக்கமாக அப்புத்துரை நெல்லுக் காயப்போட்டிருந்தார். எதிரில் ஒரு லொறி வந்தது. வேகத்தைக் குறைப்போம் என்று மிஸி பிரேக்கை மிதித்தார்.

முதல் மிதியில் ஒன்றும் இல்லை. இரண்டாவது மிதியில் கும்மெண்டு பிடித்தது, அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் பிடித்த பிடியில் ஸ்டியரிங் கையை உதறிக்கொண்டு கார் இடப்பக்கம் இழுத்தது. சில்லு நெல்லுக்கு மேலே ஏறியதும் தெருவே காலுக்குக் கீழே உருண்டது. படாரென்று எதிலோ இடித்து, நெல்லை வாரிக்கொண்டு போய், ஒரு சில்லு வாய்க்கால் கட்டில் தொங்க நின்றது.

மிஸி இறங்கினார். முன்பம்பருக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரை நாலு துண்டாகக் கிடந்தது. அப்புத்துரை நாள் முழுக்க ஆடுமாடு கலைத்துக்கொண்டு குந்தியிருக்கிற கதிரை. மிஸி குனிந்து காருக்குக் கீழே பார்த்தார், வாய்க்காலுக்குள் பார்த்தார், "அப்புத்துரை! அப்புத்துரை!" என்று குழறினார். மனுசன் எதிர்க்கடை வாசலில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு நின்றார்.

"நான் இஞ்சை நிக்கிறன் மிஸி! கதிரை போனாப் போகுது. உங்களுக்கு ஒண்டுமில்லையே?"

லொறிக்காரரும் இறங்கிவர, நாலைந்து பேராகக் காரைத் தூக்கித் தெருவில் வைத்தார்கள். ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "மிஸிக்கு என்ன நடக்கப்போகுது? செல் விழுந்து வெடிக்கேக்கையே சைக்கிள் ஓடின மனுசி" என்று அப்புத்துரை பெருமையாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மிஸியும் சிரித்துவைத்தார். காருக்குள் ஏறி இருந்தபிறகு வலது முழங்கால் தன்பாட்டில் ஆடியது. ஒரு கையால் அதை அமத்திப் பிடித்துக்கொண்டு, முதல் கியரிலேயே வீட்டுக்கு ஊர்ந்து போனார்.

மறுநாள் காலை முற்றத்தில் சாக்கை விரித்துப் படுத்து, ரோச் லைற் அடித்து வலப்பக்க முன்சில்லுக்குப் பின்னால் பார்த்தார். பிரேக் ஒயில் போகிற றப்பர் ஹோஸை இரண்டாக மடித்து, கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. ஒழுகுகிற சில்லுக்கு ஒயிலே போகாமல் மறித்துவிட்டால் ஒழுக்கு நிற்கும்தானே! அந்தச் சில்லுக்குப் பிரேக்கும் இல்லை. கார் ஏன் இடப்பக்கம் இழுத்தது என்பது மிஸிக்கு விளங்கியது. மேலெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

கராஜில் சுதாகரன் ஒரு மிசினுக்குக் கீழே கிடந்தான். "வெளிய வாடா!" என்ற சத்தத்துக்கு வந்து நின்றான்.

"என்னடா செய்துவச்சிருக்கிறாய் என்ர காரை?"

"ஓ, அதுவோ... அந்தச் சில்லு ஒழுகிச்சுது மிஸி. அதான் மடிச்சுக் கட்டிவிட்டனான். மற்ற மூண்டும் நல்லாப் பிடிக்குது. பெட்டி இழுக்கிற மிசின்காரர் ரெண்டு பிரேக்கோட ஓடுறாங்கள்."

"நான் என்ன நெல்லு மூட்டையே ஏத்துறன்? லண்டனால வந்த சாமான் எங்கை?"

அவன் முகம் மலர்ந்தது. ஆம், மலர்ந்தது! உள்ளே ஓடிப்போய், பிள்ளையார் படத்துக்குக் கீழே இருந்த பிஸ்கற் ரின்னை எடுத்துவந்து மூடியைத் திறந்து காட்டினான். பஞ்சு பரப்பி, அதற்கு மேலே மெழுகுக் கடதாசியோடு எல்லாம் அப்படியே கிடந்தது.

"புதுசு பத்திரமாய் இருக்கு மிஸி. ஒரு தூசி படவிடேல்லை."

"அதை ஏன்டா போடேல்லை?"

"பழசை வச்சு இன்னும் கொஞ்சக் காலம் ஓட்டலாம் மிஸி. உதை இப்பவே போட்டா, நாளைக்கு ஒரு அந்தரம் அவசரத்துக்கு எங்கை போறது?"

அவன் முழிக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. நல்ல காரியம் செய்த பிள்ளை மாதிரி ரின்னை நீட்டிக்கொண்டு நின்றான். வன்னியில் யார்தான் இப்படி இல்லை? எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் பிரிக்காத போர்வையும் உடுத்தாத சேலையும் கிடக்கும். மிஸியின் வீட்டிலும் கிடந்தன. அப்படிப் பத்திரப்படுத்திய எத்தனை புதுச் சேலைகளை இடம்பெயர்ந்த வழியில் எறிந்துவிட்டு, உடுத்த பழஞ்சேலையோடு ஓடினார்கள் என்பதும் மிஸிக்குத் தெரியும். பிறகும் அந்தப் புத்தி யாரையும் விட்டுப்போகவில்லை.

"இஞ்சை பார் சுதா. வெள்ளிக்கிழமை தர்மிளாவை ஏத்திக்கொண்டு போகோணும். அதுக்குள்ள போட்டுத் தா."

"வடிவாச் செய்து தாறன் மிஸி. நீங்க யோசியாதேங்கோ."

காரை விட்டுவிட்டு மிஸி பஸ்ஸில் வீட்டுக்குப் போனார். வியாழன் பின்னேரம் அவன் காரைக் கொண்டுவந்து முற்றத்தில் விட்டான். கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. மிஸி கேட்டார்: "போட்டனியே?"

"எல்லாம் வடிவாப் பாத்திட்டன் மிஸி. மிதிச்சுப் பாருங்கோ."

மிதித்தார். ஒரே மிதியில் பிடித்தது. குனிந்து சில்லுக்குப் பின்னால் பார்த்தார். கட்டுக்கம்பி இல்லை, ஹோஸ் நிமிர்ந்து இருந்தது. கேட்டதற்கு அவன் பதில் சொல்லவில்லை என்பதை மிஸி கவனிக்காமல் இல்லை. நாற்பது கேள்வி கேட்டு ஒரு பிள்ளைத்தாச்சியின் வாயிலிருந்து உண்மையைப் பிடுங்கத் தெரிந்த மனுசி, அன்றைக்கு இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. நம்ப வேண்டும்போல இருந்தது, நம்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் குளித்து, பின்சீற்றில் தலையணை அடுக்கி, சுடுதண்ணிப் போத்தலும் பழைய துணிகளும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். வழியெல்லாம் தெருவில் ஆளில்லாத இடம் பார்த்துப் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தார். பிடித்தது. ஆனாலும் ஒவ்வொரு மிதிக்கும் அந்த உடைந்த கதிரை கண்ணுக்குள் வந்தது. கால் ஆடியது. இந்தக் காலோடு ஒரு பிள்ளைத்தாச்சியை ஏற்றிக்கொண்டு ஏ-ஒன்பது நெடுஞ்சாலையில் போகவேண்டும். "கடவுளே, இண்டைக்கு ஒருநாளைக்கு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே சுதாகரனின் வீட்டு வாசலில் காரை நிறுத்தினார்.

வாசலில் ஒரு ஓட்டோ நின்றது. அதன் பின்சீற்றில், மடியில் பையை வைத்துக்கொண்டு தர்மிளா இருந்தாள். பக்கத்தில் ஏறப்போன சுதாகரன் மிஸியின் காரைக் கண்டதும் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்தபடி நின்றுவிட்டான்.

"என்னடா இது?"

"இல்லை மிஸி... உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல் எண்டு... இவர் தெரிஞ்ச பெடியன், மெல்லமாக் கொண்டுபோவார்..."

"நீங்க வர ஏலாதெண்டு சொன்னதா இவர் சொன்னார் மிஸி" என்றாள் தர்மிளா. அவள் கண் கலங்கியிருந்தது. "நான் அழுதுகொண்டிருக்கிறன்."

மிஸி சுதாகரனைப் பார்த்தார். அவன் நிலத்தைப் பார்த்தான். நிறைமாதக்காரியைக் கிளிநொச்சிவரைக்கும் ஓட்டோவில் குலுக்கிக்கொண்டு போகத் துணிந்திருக்கிறான். வாசலில் மெத்தைபோல் சீற்றுள்ள கார் வரும் என்று தெரிந்தும்! ஏன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. சூடான தண்ணீரை யாரோ முகத்தில் வீசியதுபோல் இருந்தது மிஸிக்கு.

"அந்தச் சாமானை நீ போடேல்லை."

அவன் ஓட்டோவுக்குள் வைத்திருந்த காலை மெல்ல வெளியே எடுத்தான்.

"வாயைத் திறவடா."

"பழசையே கழுவித் துடைச்சு... சைக்கிள் ரியூப்பில றப்பர் வெட்டிப் போட்டனான் மிஸி. நல்லாத்தான் பிடிக்குது. ஆனாலும்... தூரப் பயணம்... சூடேறினா என்ன செய்யுமோ எண்டு..."

"உன்ர பெண்சாதிக்கு என்ன செய்யுமோ எண்டு யோசிச்சனி. நல்லது. யோசிக்கத்தான் வேணும்." மிஸியின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் சுதாகரன் நிம்மதியாக நின்றிருப்பான். "நான் இதில ஒவ்வொரு நாளும் போறன். என்னை என்னெண்டடா விட்டனி?"

அவன் நிமிர்ந்தான். முகத்தில் கள்ளம் இல்லை, அதுதான் கொடுமை. உண்மையாகவே யோசித்து, உண்மையாகவே சொன்னான்.

"உங்களுக்கு ஒண்டும் நடக்காது எண்டு நினைச்சிட்டன் மிஸி."

ஓட்டோக்காரப் பெடியனும் ஓம் என்பதுபோலத் தலையாட்டினான். அப்புத்துரை சொன்னதும் இதுதான், லொறிக்காரர் சிரித்ததும் இதற்குத்தான். முழு ஊரும் அவரை இப்படித்தான் நினைத்துவைத்திருக்கிறது. மிஸி சாகமாட்டார், மிஸி பயப்படமாட்டார், மிஸிக்கு எதையும் கட்டுக்கம்பியால் கட்டிக் கொடுக்கலாம். அவர் தாங்குவார்.

மிஸிக்கு அழுகை வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போன கிழமை அப்புத்துரையின்ர கதிரைக்கு மேல ஏத்தினனான். மனுசன் அதில இருந்திருந்தா இண்டைக்கு அவற்ர செத்தவீட்டு எட்டுச் செலவு. அண்டையிலயிருந்து என்ர கால் நடுங்குது சுதா. பார், இப்பவும் நடுங்குது. எனக்கு அறுபத்திரண்டு வயசு. செல்லடிக்குள்ள சைக்கிள் ஓடினபோதும் எனக்குப் பயம்தான். ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. இப்ப சொல்லுறன். எனக்குப் பயமாக் கிடக்கு."

மிஸியின் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு சுதாகரன் திகைத்துப்போய் நின்றான். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினான். கை முழுக்கக் கழுவியும் போகாத கிறீஸ். அப்படியே இறக்கிவிட்டான்.

முதலில் அசைந்தது தர்மிளாதான். ஓட்டோவின் கம்பியைப் பிடித்து முக்கி முனகி இறங்கி, வாசலில் கிடந்த கதிரையில் வந்து இருந்தாள். "இஞ்சருங்கோ, ஆஸ்பத்திரியில இண்டைக்குள்ள வரச்சொல்லித்தான் சொன்னவை. இத்தினை மணிக்கெண்டு சொல்லேல்லை. காரைச் செய்யுங்கோ. அதில மிஸியோட போறதெண்டாப் போறன். இல்லாட்டி இதிலயே இருக்கிறன்" என்றாள். பயந்த சுபாவம் என்று ஊர் சொன்ன பெட்டை!

சுதாகரன் ஓட்டோவில் ஏறி கராஜுக்குப் பறந்தான். போன வேகத்தில் காரைத் தூக்குகிற ஜக்கும் கருவிப் பெட்டியும் பிஸ்கற் ரின்னுமாக வந்து இறங்கினான். சில்லைக் கழற்றினான். தன் கையால் வெட்டிப் போட்ட ரியூப் துண்டுகளைப் பிடுங்கி, தர்மிளா பார்க்காத பக்கமாக எறிந்தான். மெழுகுக் கடதாசியைப் பிரிக்கும்போது ஒரு நொடி கை தயங்கியது. பழக்கதோஷம். பிறகு வறக்கென்று கிழித்தான். புதிய சிலிண்டரைப் பூட்டினான், புதிய ஹோஸைப் பூட்டினான். கேட்காமலே மற்ற மூன்று சில்லையும் கழற்றிப் பார்த்தான். வெயில் ஏறியது. அவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கடைசியில் குழாய்களுக்குள் நிற்கிற காற்றை வெளியேற்ற வேண்டியிருந்தது. அதற்கு ஒருவர் உள்ளேயிருந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். மிஸி ஏறி இருந்தார். சுதாகரன் சில்லுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு குரல் கொடுத்தான்.

"அமத்துங்கோ மிஸி... அமத்துங்கோ... அப்பிடியே பிடிச்சிருங்கோ... விடாதேங்கோ... ம், இப்ப விடுங்கோ. மூச்சு எடுங்கோ. இன்னொருக்கா."

தர்மிளா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். "மிஸி, பிள்ளை வந்திடப்போகுது!" என்றாள். காலையிலிருந்து முதன்முறையாக மிஸிக்கும் சிரிப்பு வந்தது. காருக்குக் கீழே இருந்தவனுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை. "சிரியாதேங்கோ, காத்து போகாது" என்று கத்தினான்.

எல்லாம் முடிந்ததும் அவன் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு சந்திவரைக்கும் போய் வந்தான். திரும்பி வந்து இறங்கி, ஒன்றும் சொல்லாமல் மிஸிக்குக் கதவைத் திறந்து பிடித்தான். "நான் ஓடட்டோ மிஸி?" என்று மெல்லக் கேட்டான்.

"இல்லை. நான் ஓடுறன். நீ பக்கத்தில இரு."

பின்சீற்றில் தலையணைகளுக்கு நடுவே தர்மிளா சரிந்து இருந்தாள். மாங்குளத்தில் ஏ-ஒன்பதில் ஏறினார்கள். மிஸி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். கால் இன்னும் முற்றாக அடங்கவில்லை. புதிய சாமான் போட்டது காருக்குத்தானே, மிஸிக்கு இல்லையே.

முறிகண்டியைக் கடந்து கொஞ்சத் தூரத்தில், பற்றைக்குள்ளிருந்து எருமைக் கூட்டம் ஒன்று திடுமெனத் தெருவில் ஏறியது. மிஸி மிதித்தார். ஒரேதரம். கார் இடமும் இழுக்கவில்லை, வலமும் இழுக்கவில்லை, கோடு கீறினாற்போல் நேரே போய் நின்றது. எருமைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டு கடந்தன.

மிஸி மூச்சை விட்டுவிட்டுப் பக்கத்தில் பார்த்தார். சுதாகரன் முகமெல்லாம் வியர்த்து, ஒரு கையால் டாஷ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய வலது கால், பிரேக் எதுவும் இல்லாத அந்தப் பக்கத்துத் தகட்டை முழுப் பலத்தோடும் அமத்திக்கொண்டிருந்தது. கார் நின்றபிறகும் அவன் காலை எடுக்கவில்லை.

"என்னடா, பயந்திட்டியோ?"

"ஓம் மிஸி" என்றான். "உங்களுக்கு ஏதும் நடந்திடுமோ எண்டு."

எத்தனையோ வருடங்களாக மிஸி மற்றவர்களுக்காகப் பயந்து ஓடித்திரிந்திருக்கிறார். அவருக்காகப் பயந்துபோய் ஒருவன் பக்கத்தில் இருப்பது இதுதான் முதல் தடவை. அது எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாமலே போயிருந்தது. கடைசி எருமையும் கடந்தபிறகு, கியரைப் போட்டுக் காரை எடுத்தார். கால் ஆடவில்லை.